கேள்விக்கும் ஒரு விலாசம் உண்டு

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் காலை ஒன்பது மணிக்குப் பதினைந்து நிமிட இடைவேளை. சில மாதங்களுக்கு முன் அப்படியொரு இடைவேளையில், பொதி கட்டும் பகுதியில் நிற்கும் எம்மவர் பெண்ணொருவர் என்னிடம் வந்து மெல்லிய குரலில் கேட்டார்: "அண்ணை, உங்கட ஃபோனில ஒருக்காத் தேடிப் பார்க்கேலுமே? என்ர ஃபோனில வேண்டாம்."

அவர் அறிய விரும்பியது இதுதான். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தால், அதனால் வேலைக்குப் போகமுடியாமற் போனால், நிரந்தர வதிவிட அனுமதிக்கு அது தடையாகுமா? நான் டெனிஷ் மொழியில் கேள்வியை எழுதி, வந்தவற்றில் இரண்டை வாசித்துச் சொன்னேன். மணி அடித்தது. அவர் தன் இடத்துக்குப் போனார், நான் என் இயந்திரத்துக்குப் போனேன்.

அன்று மாலை வீட்டில் மகன் கணனியில் எதையோ தேடப் போயிருக்கிறான். அவன் இரண்டு எழுத்து அடித்ததும், காலையில் நான் எழுதிய கேள்வி முழுதாக வந்து பெட்டிக்குள் நின்றிருக்கிறது. வீட்டுக் கணனியும் என் ஃபோனும் ஒரே கணக்கில் திறந்திருப்பவை. "அப்பா, உங்களுக்கு நித்திரை வாறேல்லையோ?" என்று அவன் சுற்றிவளைத்து விசாரித்தான். அடுத்த நாள் மனைவி எனக்குப் பாலில் மஞ்சள் போட்டுத் தந்தார். உண்மையைச் சொல்லுவதானால் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டேன். ஆகவே எங்கள் வீட்டில் இன்றுவரை நான் மனச்சோர்வுள்ளவன்.

இதைச் சிரிப்புக்காகவும் சொல்லலாம். ஆனால் என் மகனுக்குத் தெரிந்தது, தெரிந்தவர்களின் வரிசையில் ஆகக் கடைசி ஆளுக்குத் தெரிந்தது. அவனுக்கு முன்னரே அது வேறோரிடத்தில் பதியப்பட்டுவிட்டது. தேடுபொறிக்குள் நாம் ஒரு கேள்வியை இடும்போது கேள்வி மட்டும் போவதில்லை. எத்தனை மணிக்கு, எந்த இணைப்பு இலக்கத்திலிருந்து, எந்தக் கருவியால், எந்த மொழி அமைப்பில், வந்த விடைகளில் எதைத் திறந்தோம் என்பனவும் சேர்ந்து போகின்றன. கணக்கைத் திறந்து வைத்திருந்தால் பெயரும் போகிறது. திறக்காவிட்டாலும் முன்பு எம் கருவியில் இட்டுவைத்த சிறு அடையாளக் குறியொன்று, நேற்று வந்தவரும் இவர்தான் என்று காட்டிக்கொடுக்கிறது. விளம்பரக்காரருக்கு ஆட்களை இனம்பிரித்துக் கொடுப்பதே இந்நிறுவனங்களின் பிரதான வருமானம். மறதி அவர்களுக்கு நட்டம்.

"பெயரை நீக்கிவிட்டுத்தானே வைத்திருக்கிறார்கள்" என்று எம்மில் கணனி படித்த இளைஞர்கள் சமாதானம் சொல்வார்கள். இந்தச் சமாதானம் 2006ம் ஆண்டு ஓகஸ்ட் மாதமே செத்துப்போனது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, ஏறத்தாழ 650,000 பேர் மூன்று மாதங்களில் கேட்ட சுமார் 2 கோடி தேடல்களைப் பகிரங்கமாக வெளியிட்டது. பெயர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் மட்டும். சில நாட்களுக்குள் நியூயோர்க் ரைம்ஸ் செய்தியாளர்கள் 4417749 என்ற இலக்கக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஜோர்ஜியா மாநிலத்தில் லில்பேர்ன் என்ற சிறு நகரில் வாழ்ந்த 62 வயது விதவை அவர். தன் ஊரில் தோட்ட வேலைக்கு ஆள் தேடியிருக்கிறார், தன் குடும்பப் பெயர் கொண்டவர்களைத் தேடியிருக்கிறார், நாயின் தொல்லைக்கு வழி தேடியிருக்கிறார், விரல் விறைப்புக்கு மருந்து தேடியிருக்கிறார். அவ்வளவு போதுமாயிருந்தது. அவர் தேடிய நோய்களிற் பல அவருடையவை அல்ல, சிநேகிதிகளுக்காகத் தேடியவை என்பது பின்னர் தெரியவந்தது. ஆக, அந்தப் பதிவு ஆளைச் சரியாகக் காட்டியது, ஆளைப் பற்றிப் பிழையாகச் சொன்னது. என் வீட்டில் நடந்ததும் அதுவே.

அங்கே ஆறரை இலட்சம் பேரின் கூட்டத்துக்குள்ளிருந்தே ஒரு மூதாட்டியைப் பிடித்துவிட்டார்கள். எங்களை எடுத்துப் பாருங்கள். மேற்கு யூலண்டின் ஒரு சிறு நகரில் தமிழர் எத்தனை குடும்பம்? அந்த நகரிலிருந்து ஒருவர் வடமராட்சியில் ஒரு கிராமத்தின் பெயரைத் தேடுகிறார், பின்பு நகரசபை அலுவலக நேரத்தைத் தேடுகிறார், பின்பு ஒரு நோயின் பெயரைத் தமிழில் எழுதித் தேடுகிறார் என்று வையுங்கள். பெயரை நீக்கி என்ன பயன்? அவர் யார் என்று எங்கள் பலசரக்குக் கடைக்காரரே சொல்லிவிடுவார். கூட்டத்துக்குள் மறைவது கூட்டம் உள்ளவனுக்கே இயலும். தனியுரிமை பற்றி ஐரோப்பாவில் எழுதப்படும் நல்ல நூல்களிற்கூட நான் காணாத விடயம் இது. அவை பெரும்பான்மையைச் சேர்ந்த ஒரு பிரசையை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. அவனுக்கு இலக்கம் ஒரு முகமூடி. எமக்கு மொழியே விலாசமாகிவிடுகிறது.

பட்டியல்களைப் பற்றி எமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1983 யூலையில் நான் பள்ளிக்கூடப் பையன். கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் வந்திறங்கிய உறவினர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து சொன்ன கதைகளில் ஒன்று என் மனதில் ஆணியடித்தாற்போல் நிற்கிறது. வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது என்பது. பின்னர் வெளிவந்த பல அறிக்கைகளும் இதையே உறுதிசெய்தன. வாக்களிப்பதற்காகத்தான் எம் பெற்றோர் தம் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவனும் தீய நோக்கத்தோடு எழுதவில்லை. ஒரு தேவைக்குச் சேர்த்த பட்டியல் இன்னொரு தேவைக்குக் கைமாறிய அந்த ஒரு கிழமையை வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் மாணவருக்கு நான் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அன்று இடாப்பில் இருந்தது பெயரும் வீட்டு இலக்கமும் மட்டுமே. பயமும் நோயும் கடனும் அதில் இருக்கவில்லை.

இது இலங்கை அல்லவே, டென்மார்க் அல்லவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கே எவரும் இடாப்போடு தெருவில் இறங்கியதில்லை. ஆயினும் இந்த நாடு பதிவுகளின் மேல் கட்டப்பட்ட நாடு. 1968ம் ஆண்டிலிருந்து பிறந்த குழந்தை முதல் நேற்று வந்த அகதி வரை எல்லோருக்கும் பத்து இலக்கம் கொண்ட சி.பி.ஆர். எண் உண்டு. மருத்துவர், வங்கி, வரி, பள்ளிக்கூடம், நூலகம் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில் வந்து கூடுகின்றன. டெனிஷ் மக்கள் தம் அரசை நம்புகிறார்கள், அதனால் அது அவர்களை உறுத்துவதில்லை. 2015இல் 52 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் எண்களும் உடல்நல விபரங்களும் அடங்கிய இரண்டு இறுவட்டுகள், எந்தப் பூட்டும் இல்லாமல் தபாலில் போய், புள்ளிவிபரத் திணைக்களத்துக்குப் பதிலாகக் கொப்பன்ஹேகனிலுள்ள சீன விசா அலுவலகத்தில் விநியோகிக்கப்பட்டன. அங்கிருந்த ஊழியர் பொதியை உடைத்துப் பார்த்துவிட்டு, உரிய இடத்துக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த ஆண்டு விடயம் வெளிவந்தபோது எங்கள் தொழிற்சாலையில் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மறந்தார்கள்.

சிரிக்கமுடியாதது இன்னொன்று. 2007 செப்ரெம்பரிலிருந்து இங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ரெலிபோன் அழைப்புகளை மட்டுமல்ல, யார் எந்நேரம் எந்த இணைய முகவரியோடு தொடர்புகொண்டார் என்பதையும் ஓராண்டு பதிந்து வைக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஏழு ஆண்டுகளின் பின், 2014 யூனில், இணையப் பகுதியை அரசே கைவிட்டது. பொலிசுக்கே அதனால் பெரிய பிரயோசனம் இருக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தகைய ஒட்டுமொத்தப் பதிவுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. ரெலிபோன் பதிவு மட்டும் தொடர்ந்தது. 2019இல், அந்தப் பதிவுகளைப் பொலிஸ் கணனி மாற்றியெழுதும்போது பிழைகள் நேர்ந்திருப்பது தெரியவந்தது. 2012 தொடக்கம் நடந்த சுமார் 10,700 வழக்குகளை மீளப் பார்க்கவேண்டியதாயிற்று. இரண்டு மாதம் அத்தகைய சாட்சியங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. விளக்கமறியலிலிருந்த 32 பேர் வெளியே விடப்பட்டார்கள். இயந்திரம் மறக்காது என்பது உண்மை. இயந்திரம் பிழையாக ஞாபகம் வைத்திருக்காது என்பது உண்மையல்ல.

"களவெடுக்காதவனுக்கு என்ன பயம்?" என்பது எம்மவரிடையே அடிக்கடி கேட்கும் வாதம். நண்பரொருவர் இதற்கு ஆதாரமாக டென்வர் சம்பவத்தைச் சொன்னார். அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. 2020 ஓகஸ்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. செனெகலிலிருந்து வந்த குடும்பத்தவர் ஐவர் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். பொலிசாருக்கு வழியே தெரியவில்லை. கடைசியில், தீக்கு முந்திய 15 நாட்களில் அந்த வீட்டு விலாசத்தைத் தேடியவர்கள் யார் என்று கூகிள் நிறுவனத்திடம் நீதிமன்ற ஆணையோடு கேட்டார்கள். மூன்று பதின்ம வயதினர் அகப்பட்டார்கள். எங்களைப் போன்ற வந்தேறிகள் எரிக்கப்பட்ட வழக்கு அது. தேடுபொறி மறந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நீதி கிடைத்திராது. 2023 ஒக்டோபரில் கொலராடோ உச்ச நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை ஏற்றது. ஆனாலும் இந்த முறை எல்லா வழக்குக்கும் சரியென்று அது முத்திரை குத்தவில்லை. பொலிசார் நல்லெண்ணத்தோடு நடந்தார்கள் என்பதே அதன் ஆதாரம்.

நண்பருக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான். அந்த ஆணை ஒருவரைச் சந்தேகித்து அவர் தேடியதைக் கேட்கவில்லை. ஒரு தேடலை வைத்துக்கொண்டு, அதைத் தேடிய எல்லோரையும் கேட்டது. இன்று கேள்வி ஒரு வீட்டு விலாசம். நாளை வேறோர் அரசு வேறொரு சொல்லைக் கொடுத்துக் கேட்கலாம். வடக்கிலோ கிழக்கிலோ காணாமற்போன ஒருவரின் பெயரைத் தேடியோர் யாவர் என்று கேட்டால்? பயங்கரவாதத் தடைச்சட்டம் 1979இல் "தற்காலிகமாக" வந்து எத்தனை தசாப்தம் நின்றது என்பதை அறிந்தவர்கள், "களவெடுக்காதவனுக்கு" என்று தொடங்கமுன் எது களவு என்று தீர்மானிப்பவன் யார் என்பதையும் யோசிக்கவேண்டும்.

இன்னொரு வாதம் இதைவிடச் சூழ்ச்சியானது. அந்தரங்கம் என்பது வெள்ளைக்காரரின் கருத்து, எங்கள் ஊரில் யார் வீட்டில் என்ன கறி என்பதே ஊருக்குத் தெரியும் என்பது அது. யாழ்ப்பாணத்தானா இதைச் சொல்வது? கிடுகு வேலி அடைப்பதற்காகவே வருடத்தில் ஒரு காலத்தை ஒதுக்கியவர்கள் நாங்கள். வேலியின் பொட்டுக்குள்ளால் எட்டிப்பார்ப்பவரைத் திட்டுவதற்கென்றே எங்கள் பாட்டிமாரிடம் தனிச் சொற்கள் இருந்தன. அந்த வேலியைப் புகழ்வதற்கும் நான் தயாரில்லை. அது சாதியையும் காத்தது. உள்ளே அடிவாங்கும் பெண்ணின் சத்தத்தையும் "குடும்ப விசயம்" என்று மறைத்தது. நாட்டைவிட்டு வந்தும் அந்த வேலியைக் கழற்றாமல் கொண்டுவந்திருக்கிறோம்.

ஆகவேதான் தேடுபெட்டியை வெறுமனே தூற்ற என்னால் முடியவில்லை. எங்கள் பெண்களுக்கு அது, வாழ்நாளில் முதல்முறையாக, ஊருக்குத் தெரியாமல் ஒரு கேள்வியைக் கேட்கக் கிடைத்த இடம். கணவன் அடித்தால் எங்கே போவது, விவாகரத்து எடுத்தால் விசா என்னவாகும், கருத்தடை, கருக்கலைப்பு, மகன் ஆண்களை விரும்புகிறான் என்றால் அது நோயா இல்லையா. இவற்றைக் கோயிலில் கேட்கமுடியுமா? தமிழ்ச் சங்கத்தில் கேட்கமுடியுமா? மொழிபெயர்ப்பாளர் மூலம் மருத்துவரைக் கேட்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் எம்மவர், பெரும்பாலும் சடங்குகளிற் சந்திப்பவர். அவருக்கு இரகசியம் காக்கும் கடமை உண்டு, பலர் அதைக் காப்பவர்களும்தான். இருந்தும் கூச்சம் போகாது. அதற்கு மேலாக, 2018 யூலை 1இலிருந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்தவர்கள் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் கட்டணம் என்று கொண்டுவந்தார்கள். மொழி படிக்காத சோம்பேறிகளைத் திருத்துவதாம். பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்து டெனிஷ் இலக்கணம் படித்தவர்களுக்கு அந்தச் சோம்பலின் சுகம் தெரியும். விளைவு என்ன? வாயால் கேட்கவேண்டிய கேள்விகள் விரலுக்கு வந்தன. அரசு தன் செலவை மிச்சம்பிடிக்க, நாங்கள் எங்கள் நோயை ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் போய்ச் சொல்லுகிறோம். இரகசியம் காக்கும் கடமையுள்ள ஆளை அகற்றிவிட்டு, எல்லாவற்றையும் எழுதிவைக்கும் இயந்திரத்தை அந்த இடத்தில் இருத்தியிருக்கிறோம்.

எங்கள் ஊரைப் பற்றிய பயத்தில் நாம் ஓடிப்போய் ஒளித்த அறைக்குள்தான் எழுதுகிறவன் இருக்கிறான். கணவனிடமிருந்தும் அயலிடமிருந்தும் அது எம்மை மறைக்கிறது என்பது பொய்யல்ல, என் வீட்டில் நடந்ததுபோல் சிலவேளை அதுவும் தவறிவிடுகிறது. ஆனால் விலையாக, எமக்குத் தெரியாத ஒருவரிடம் எமது முழுச் சரித்திரத்தையும் கொடுக்கிறோம்.

எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பது பற்றி ஐரோப்பா பேசாமல் இருக்கவில்லை. 2008 ஏப்ரலில் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் குழு, தேடல் விபரங்களை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்க நியாயம் காணவில்லை என்று கூறியது. கூகிள் அந்த ஆண்டே இணைப்பு இலக்கங்களை 9 மாதத்தில் மங்கச்செய்வதாக இறங்கிவந்தது. 2020இலிருந்து புதிதாகக் கணக்குத் திறப்போரின் பதிவுகள், அவர்கள் மாற்றாவிட்டால், 18 மாதத்தில் தாமாக அழியும் என்றது. பழைய கணக்குக்காரர் தாமே தேடிப் போய் அதைத் திருப்பவேண்டும். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் திருப்பியிருப்பர்? "மறைநிலை" என்று தொப்பியும் கண்ணாடியும் போட்ட படத்தோடு ஒரு ஜன்னல் உண்டு. அதில் தேடினால் பதிவாகாது என்று நம்பியவர்கள் 2020இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2024இல் நடந்த இணக்கத்தில், அப்படித் தேடியவர்களின் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகிள் சம்மதித்தது. அழிக்கச் சம்மதித்தது என்றால் அவ்வளவு காலமும் அவை இருந்தன என்றுதானே பொருள்.

டென்மார்க்கில் இவ்விடயம் சூடுபிடித்தது பெரியவர்களின் தேடலால் அல்ல, பிள்ளைகளால். ஹெல்சிங்ஓர் நகரில் ஒரு தந்தை, பள்ளிக்கூடம் தன் மகனிடம் கொடுத்த கணனி எங்கே என்ன சொல்லுகிறது என்று கேட்டு முறைப்பாடு செய்தார். ஒரு தனி மனிதரின் நச்சரிப்பு. 2022 யூலையில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்நகரப் பாடசாலைகளில் கூகிள் ஏற்பாட்டைத் தடைசெய்தது. தடை பின்னர் இடைநிறுத்தப்பட்டது. எனினும் 2024 யனவரியில் 53 நகரசபைகள் தம் மாணவரின் விபரங்கள் கூகிளுக்குப் போவதை ஒழுங்குபடுத்தவேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் பிள்ளைகளும் அந்தப் பாடசாலைகளிற்தான் படிக்கிறார்கள். எங்கள் பெற்றோர் கூட்டங்களிலோ சோதனைப் புள்ளிகளைத் தவிர வேறொன்றும் கதைக்கக் காணேன்.

ஞாபகமே கூடாது என்று நான் வாதிடுவதாக எவரும் நினைக்கக்கூடாது. இந்நாட்டின் தமிழர் வரலாறு அதற்கு நேரெதிரான சாட்சி. 1987 தொடக்கம் 1989 வரை, எம் முதற் தலைமுறை அகதிகள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்களை, சட்டம் அனுமதித்திருந்தும், நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சனின் அமைச்சு இழுத்தடித்துக் கிடப்பில் போட்டது. கம்பளத்தின் கீழே எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று பிரதமர் போல் ஷ்லூற்றர் பாராளுமன்றத்தில் சொன்னார். அமைச்சின் கோப்புகளும் உத்தியோகத்தரின் குறிப்புகளும் வேறுவிதமாகச் சொல்லின. நீதிபதி மொகென்ஸ் ஹோர்ன்ஸ்லெற்றின் சுமார் 6,000 பக்க அறிக்கை 1993 யனவரி 14இல் வெளிவந்ததும் பிரதமர் பதவி விலகினார். 1995 யூனில் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறை. எங்கள் குடும்பங்களைப் பிரித்து வைத்தவர்களின் பெயர் அழியாமல் இருந்தது பதிவு அழியாமல் இருந்ததாற்தான்.

அங்கே பதியப்பட்டவர்கள் அதிகாரம் உள்ளவர்கள். படித்துப் பார்த்தவர் அவர்களை விசாரிக்க நியமிக்கப்பட்ட நீதிபதி. முடிவை எல்லோரும் வாசிக்கலாம். தேடுபொறியின் ஏட்டில் பதியப்படுபவர் கேட்பதற்கு வேறு ஆளில்லாதவர். படிப்பவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அகதியின் நிலை இன்னும் ஒரு படி கீழே. 2017இல் ஜேர்மனியும் டென்மார்க்கும் தஞ்சம் கோருவோரின் ஃபோனை வாங்கி ஆராயும் அதிகாரத்தை விரிவாக்கின. ஜேர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், வேறு வழிகள் இருக்கும்போதே ஃபோனைத் திறப்பது சட்டத்துக்கு மாறானது என்று 2023 பெப்ரவரியில் தீர்ப்புக் கூறவேண்டியிருந்தது. தஞ்சம் கேட்பவனிடம் நாடு கேட்ட கேள்விகளுக்கான பதில் மட்டும் போதாது, அவன் இரவில் தனியே கேட்ட கேள்விகளும் வேண்டும் என்ற நிலை அது.

தேடலைப் பதியாத பொறிகள் உண்டு. ஒல்லாந்திலிருந்து இயங்கும் ஸ்ராட்பேஜ் ஒன்று. டக்டக்கோ இன்னொன்று. நானும் அவற்றுக்கு மாறிவிட்டேன். தமிழில் எழுதித் தேடினால் அவை அவ்வளவு திறமில்லை என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். அப்பெண்ணுக்கு நான் எழுதிக் காட்டினேன். அவர் நம்பவில்லை. "அவையளும் கொம்பனிதானே அண்ணை" என்றார்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. யாழ்ப்பாண நூலகத்தில் என்ன புத்தகம் எடுத்தாய் என்று நூலகர் எந்தக் காலத்திலும் வீட்டாருக்குச் சொன்னதில்லை. அந்தக் கட்டடத்தோடு 1981இல் இரவல் ஏடுகளும் எரிந்துதான் போயின. இங்கும் நூலகம் நல்ல இடம், அங்குள்ள கணனியில் பார்க்கலாம், எழும்பி வரும்போது எல்லாம் அழிந்துவிடும் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். யன்னலோரமாக ஒரு கணனி சும்மா இருந்தது. அவர் கதிரையை இழுத்து இருந்தார். திரையில் இரண்டு பெட்டிகள் வந்தன. முதலாவதில் மஞ்சள் மருத்துவ அட்டையிலுள்ள பத்து இலக்கத்தை எழுதும்படி கேட்டது.

அவர் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்தார். கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பவும் பைக்குள் வைத்துவிட்டு, "அக்கா, தேத்தண்ணி குடிக்கப் போவமே?" என்று என் மனைவியைக் கேட்டார்.